காதுக்காரரின் கம்ப்ரஸர்

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் அவருக்குக் காதுக்காரர் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால், வேலைக்குச் சேர்ந்த புதிதில், பதினாலு மாடிக் கட்டடம் ஒன்றின் தரைத்தளத்தில் நின்றுகொண்டு, "மேல மோட்டார்ல இடது பக்க பேரிங் போகப்போகுது" என்றார். ஏறிப் பார்த்தார்கள். பேரிங் உண்மையிலேயே போகிற நிலையில்தான் இருந்தது. அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயரை அவர் அதற்குப் பிறகு கழற்றி வைக்க நினைத்ததே இல்லை.

அவருடைய ஆயுதம் ஒரு நீள ஸ்க்ரூடிரைவர். முனையை இயந்திரத்தின் மேல் வைப்பார். பிடியைக் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவார். பக்கத்தில் நிற்கிறவர்கள் அந்த நேரத்தில் இருமினால்கூட முறைப்பார். பிறகு கண்ணைத் திறந்து தீர்ப்புச் சொல்வார். அந்தத் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது.

கம்பெனி வருடத்துக்கு ஒருமுறை எல்லா மெக்கானிக்குகளுக்கும் காதுப் பரிசோதனை வைக்கும். அதில் தேறினால்தான் லிஃப்டுக்குள் தொங்கும் பராமரிப்புச் சீட்டில் கையெழுத்துப் போடலாம். தேறாவிட்டால் ஸ்டோரில் உட்கார்ந்து நட்டு போல்ட்டைப் பிரித்து அடுக்க வேண்டியதுதான். காதுக்காரர் ஒவ்வொரு வருடமும் முழு மதிப்பெண் வாங்கினார். ஹெட்ஃபோனை மாட்டி உட்கார வைப்பார்கள், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் பொத்தானை அமுக்குவாள், சத்தம் கேட்டால் இவர் இந்தப் பக்கம் ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். கடந்த மூன்று வருடங்களாக, அந்தப் பெண் பொத்தானை அமுக்கும்போதெல்லாம் அவளுடைய முழங்கை ஒரு விரல்கடை உயர்வதை அவர் கவனித்திருந்தார். முழங்கையைப் பார்க்கக் கூடாது என்று அந்த அறையில் எங்கேயும் எழுதி ஒட்டியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பஸ் கட்டுவார். உள்ளங்கையில் அடங்கிவிடும் பஸ். பிளாஸ்டிக் தகட்டை வெட்டி, சீட்டு, ஸ்டியரிங், கம்பி, டிரைவர் தலைக்கு மேலே இருக்கும் கண்ணாடி எல்லாம் உண்டு. இதுவரை இருபத்தாறு பஸ் கட்டியிருந்தார். இருபத்தாறும் அலமாரியில் டிப்போவில் நிற்பது மாதிரி வரிசையாக நின்றன. ஒரே குறை, பிரஷ்ஷால் அடித்த பெயிண்ட். கிட்டே போய்ப் பார்த்தால் பிரஷ் போன வழி கோடு கோடாகத் தெரிந்தது. அந்தக் கோடு அவர் தூக்கத்தைக் கெடுத்தது.

வெளியூரில் வேலை பார்க்கும் மகள், அப்பாவின் ஐம்பத்தேழாவது பிறந்தநாளுக்கு ஓர் ஏர்பிரஷ் அனுப்பிவைத்தாள். பேனா மாதிரி இருக்கும், மேலே குட்டிக் கிண்ணம், அதில் பெயிண்ட். பின்னால் காற்று கொடுத்தால் முன்னால் பெயிண்ட் புகையாக வரும். காற்று கொடுக்க கம்ப்ரஸர் வேண்டும். கம்ப்ரஸர் இல்லாத ஏர்பிரஷ் என்பது எழுதாத பேனாதான். ஒரு மாதம் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்துவிட்டு, மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார்.

மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. இருபது வருடமாக டாக்டர்களின் கையெழுத்தைப் படித்துப் படித்து, எதையும் அவசரப்பட்டுச் சொல்லாத பழக்கம் அவளுக்கு வந்துவிட்டிருந்தது.

"வாங்குங்க. ஆனா சத்தம் வரக்கூடாது," என்றாள். "பக்கத்து வீட்ல அஞ்சு மாசக் குழந்தை இருக்கு. நடுவுல இருக்கற சுவர் அட்டை மாதிரி."

"சத்தமா? அதை என்கிட்ட விடு."

அவள் அவரைக் கொஞ்ச நேரம், புரியாத மருந்துச் சீட்டைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "கூட என் தம்பியையும் கூட்டிட்டுப் போங்க," என்றாள்.

"எதுக்கு?"

"சும்மா. தூக்கிட்டு வர ஆள் வேணாமா?"

மைத்துனனுக்கு முப்பத்தைந்து வயது. எதை வாங்குவதாக இருந்தாலும் முன்னூறு பேர் எழுதிய விமர்சனத்தைப் படித்துவிட்டுத்தான் வாங்குவான். ஒரு குடை வாங்க ஆறு வாரம் எடுத்துக்கொண்டவன். அதற்குள் மழைக்காலம் போய்விட்டது. கடைக்கு வரும்போது கையில் இரண்டு பக்கம் அச்சடித்துக்கொண்டு வந்திருந்தான்.

"மாமா, இதுல எல்லா மாடலுக்கும் டெசிபல் போட்டிருக்கு. நாப்பத்தேழுக்குக் கீழ இருந்தா வீட்டுக்கு ஓகே."

"டெசிபலை நீ வச்சுக்க. எனக்குக் காது இருக்கு."

தெருக்கோடியில் இருந்த கருவிக்கடையில் தரையில் மூன்று கம்ப்ரஸர்களை வைத்திருந்தார்கள். கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டிருந்தார். அவசரமே இல்லாத மனுஷர். முதலில் இருந்தது செங்கல் அளவு. அதற்கு டேங்க் கிடையாது. மோட்டார் ஓடினால் காற்று வரும், நின்றால் வராது. காதுக்காரர் குழாயின் வாயில் புறங்கையைக் காட்டினார்.

"துடிக்குது. சீரா வரல. காத்து துடிச்சா பெயிண்டும் துடிக்கும்."

"கரெக்ட் சார்," என்றார் கடைக்காரர். "நெறைய பேர் இது தெரியாமதான் வாங்கிட்டு, அப்புறம் புள்ளி புள்ளியா விழுதுன்னு வந்து நிக்கறாங்க."

இரண்டாவது, கார் ஷெட்டில் வைக்கிற சாமான். டேங்க் மட்டும் ஒரு கன்றுக்குட்டி பருமன். ஸ்விட்சைப் போட்டதும் அலமாரியில் இருந்த ஆணி டப்பாக்கள் எல்லாம் நகர ஆரம்பித்தன. வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து, ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, அடுத்த கடைக்குப் போய்ப் படுத்துக்கொண்டது.

மூன்றாவதைப் பார்த்ததும் காதுக்காரருக்கு மனசுக்குப் பிடித்துவிட்டது. மேலே சின்ன மோட்டார், கீழே மூன்று லிட்டர் டேங்க். பக்கத்தில் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு ரெகுலேட்டர், அதோடு சேர்ந்து காற்றில் வரும் தண்ணீரைப் பிடித்து வைக்க ஒரு கண்ணாடிக் குப்பி. டேங்க் நிரம்பியதும் மோட்டார் தானாக நின்றுவிடும். காற்று குறைந்ததும் தானாக ஓடும். நடுவில் இருக்கும் நேரமெல்லாம் அமைதி. எட்டு மாதமாகக் கடையில் காட்சிக்கு வைத்திருந்த இயந்திரம் அது. வருகிறவர் போகிறவர் எல்லாரும் திருகிப் பார்த்திருந்தார்கள்.

ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். முனையை மோட்டார் மேல் வைத்து, பிடியைக் காதுக்குப் பின்னால் வைத்து, கண்ணை மூடினார். மோட்டார் ஓடியது. பேரிங் ஒழுங்கு. பிஸ்டன் ஒழுங்கு. உள்ளே ஒரு திருகுகூடத் தளர்ந்திருக்கவில்லை. அழுத்தம் காட்டும் ஊசி எழுபதைத் தொட்டதும் மோட்டார் நின்றது. அவர் இன்னொரு கையைத் தூக்கி எல்லாரையும் அடக்கினார்.

கடைக்குள் மூன்று பேரும் அசையாமல் நின்றார்கள்.

"சுத்தம்," என்றார் காதுக்காரர், கண்ணைத் திறந்து. "மூச்சுப் பேச்சே இல்ல."

மைத்துனன் கழுத்தை நீட்டினான். "மாமா, ஏதோ ஸ்ஸ்னு வர்ற மாதிரி இருக்கே?"

"வெளியில லாரி போகுது."

மைத்துனன் வெளியே பார்த்தான். தெருவில் ஒரு சைக்கிள்கூட இல்லை.

கடைக்காரர் நேர்மையான மனிதர். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "சார், இது டிஸ்ப்ளே பீஸ். எங்கயோ லேசாக் கசியுது. உள்ள பெட்டியில இதே மாடல் புதுசு இருக்கு, அதை எடுத்துத் தரேன்."

காதுக்காரர் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கம்பெனியில் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள்.

"நான் கேட்டுப் பார்த்தது இதை. பெட்டிக்குள்ள இருக்கறது எப்படி ஓடும்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இதுதான் வேணும்."

"இல்ல சார், கசிவு..."

"கசிஞ்சா எனக்குக் கேக்காதா?"

கடைக்காரர் மைத்துனனைப் பார்த்தார். மைத்துனன் கையில் இருந்த தாளைப் பார்த்தான். முன்னூறு பேர் எழுதியதில் ஒருவர்கூட இப்படி ஒரு நிலைமைக்கு வழி சொல்லியிருக்கவில்லை. கடைக்காரர் இயந்திரத்தைத் துடைத்து, காலிப் பெட்டி ஒன்றைத் தேடி எடுத்து, அதில் வைத்துக் கட்டிக் கொடுத்தார்.

முதல் ஞாயிறு, இருபத்தேழாவது பஸ்ஸுக்கு மஞ்சள் அடித்தார். பெயிண்ட் புகை மாதிரிப் போய் உட்கார்ந்தது. கோடு இல்லை, திட்டு இல்லை, மெழுகின மாதிரி இருந்தது. அவருக்கு உண்மையாகவே கண் கலங்கிவிட்டது. பஸ்ஸைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய் மனைவியிடம் நாலு பக்கமும் திருப்பித் திருப்பிக் காட்டினார்.

"நல்லாருக்கு," என்றாள் அவள். மனதாரத்தான் சொன்னாள். ஆனால் அவள் கண் பஸ்ஸின் மேல் இல்லை. அவர் தோளைத் தாண்டி, கம்ப்ரஸர் இருந்த அறைப் பக்கம் போயிருந்தது.

"பாத்தியா, இருக்கறதே தெரியல," என்றார் அவர்.

"ம்," என்றாள் அவள்.

அடுத்த ஞாயிறுதான் தொல்லை ஆரம்பித்தது. பெயிண்ட் காயட்டும் என்று அவர் சும்மா உட்கார்ந்திருந்தார். மோட்டார் தானாக ஓடியது. டேங்கை நிரப்பிவிட்டு நின்றது. நாலு நிமிஷம் கழித்து மறுபடி ஓடியது. யாரும் காற்றைச் செலவழிக்கவில்லை, ஏர்பிரஷ் மேஜையில் கிடந்தது. மறுபடி நாலு நிமிஷம், மறுபடி ஓட்டம். காதுக்காரர் ஒரு நோட்டை எடுத்து நேரத்தைக் குறித்தார். லிஃப்டுக்கு எழுதுவது போலவே தேதி, மணி, அறிகுறி எல்லாம் போட்டார்.

மோட்டாரை நிறுத்தி ஓட்டும் ஸ்விட்ச் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி, புதிதாக வாங்கி மாற்றினார். நாலு நிமிஷம். மூன்றாம் ஞாயிறு, காற்று திரும்பி வராமல் தடுக்கும் வால்வு சரியில்லை என்று அதையும் மாற்றினார். நாலு நிமிஷம். நாலாம் ஞாயிறு மோட்டாரையே அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, துடைத்து, எண்ணெய் போட்டு மாட்டினார். மூன்று நிமிஷம் ஐம்பது விநாடி. நோட்டில் அதையும் எழுதிக்கொண்டார்.

மனைவி இரண்டு தடவை அறை வாசலில் வந்து நின்றாள். ஒரு தடவை வாயைத் திறந்தாள்.

"என்ன?" என்றார்.

"மைக்ரோவேவ்ல பால் வச்சேன். சூடாகியிருக்கும், எடுத்துக் குடிங்க."

"அது எப்ப முடியுதுன்னே தெரியல. முடிஞ்சதும் கீன்னு அடிக்கற பஸ்ஸர் செத்து ரெண்டு வருஷமாச்சு."

அந்த மைக்ரோவேவை அவர் முன்பு ஒருமுறை கழற்றியும் பார்த்திருந்தார். பஸ்ஸரில் தப்பு எதுவும் கண்ணில் படவில்லை. இந்தக் காலத்துச் சாமான் எதையும் நம்ப முடியாது என்று சொல்லி மூடிவைத்துவிட்டார். பால்கனிக் கம்பியில் வந்து உட்காரும் குருவிகளைப் பற்றியும் அவருக்கு இதே மாதிரி ஒரு கருத்து இருந்தது. முன்னே மாதிரி அவை கத்துவதில்லை, இந்தத் தலைமுறைக் குருவிகளுக்கே உற்சாகம் போதாது என்று இரண்டு மூன்று பேரிடம் சொல்லியிருந்தார்.

ஐந்தாம் ஞாயிறு மதியம், வாசலில் பக்கத்து வீட்டுப் பெண் நின்றாள். தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அவள் முகம்தான் ஆறு மாதமாகத் தூங்காத முகம். சத்தத்தைப் பற்றிச் சண்டை போடத்தான் வந்திருக்கிறாள் என்று காதுக்காரர் நினைத்தார்.

"அங்கிள், ஒண்ணு கேக்கணும். தப்பா நினைக்காதீங்க. அந்த மிஷினை நீங்க ஞாயித்துக்கிழமை மட்டும்தான் போடுவீங்களா?"

"மோட்டார் ஓடற சத்தம் ரொம்பக் கேக்குதாம்மா? நாலு நிமிஷத்துக்கு ஒருக்கா ஓடுது, அதைத்தான்..."

"ஐயோ, மோட்டார் இல்ல அங்கிள். மோட்டார் நின்னதுக்கப்புறம் ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்னு விடாம ஒரு சத்தம் வருமே, அது. அதைக் கேட்டா பாப்பா அப்படியே தூங்கிடறா. மத்த நாள்ல நாங்க வாயாலயே ஸ்ஸ்னு சொல்லிச் சொல்லி, அவருக்கும் எனக்கும் உதடு வெடிச்சுப் போச்சு. சாயந்தரத்துல ஒரு அரைமணி நேரம் போட்டு வச்சீங்கன்னா..."

"என்ன சத்தம்?" என்றார் காதுக்காரர்.

"இதோ, இப்பக்கூட வருதே."

அவர் அறைப் பக்கம் திரும்பினார். மோட்டார் நின்றிருந்தது. அறை அவருக்கு நிசப்தமாக இருந்தது. எவ்வளவோ மோட்டார் ரூம்களில் நின்று அனுபவித்த, சுத்தமான நிசப்தம். அதற்குப் பிறகு மனைவியைப் பார்த்தார். அவள் சமையலறை வாசலில் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். ஏற்கெனவே காய்ந்துவிட்ட கையைத்தான் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"போட்டு வைக்கச் சொல்றேம்மா," என்றாள் மனைவி, அந்தப் பெண்ணிடம். "நீ போய் நீயும் கொஞ்ச நேரம் படு."

கதவு மூடியது. காதுக்காரர் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து, பாத்திரம் கழுவும் சோப்பை ஊற்றிக் கலக்கினார். பஸ்ஸுக்கு அடிக்கிற பிரஷ்ஷையே எடுத்துக்கொண்டு கம்ப்ரஸர் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஒவ்வோர் இணைப்பாக சோப்புத் தண்ணீரைத் தடவினார். ஸ்விட்ச், ஒன்றுமில்லை. வால்வு, ஒன்றுமில்லை. ரெகுலேட்டர் டேங்கோடு சேரும் கழுத்தில் தடவியதும், சோப்பு பொங்கியது. கடுகு மாதிரிக் குமிழி, அப்புறம் பட்டாணி மாதிரி, அப்புறம் ஒரு கைப்பிடி நுரை. அவர் துடைத்துவிட்டு மறுபடி தடவினார். மறுபடி பொங்கியது.

குனிந்து, காதை அந்த இடத்தில் ஒட்டவைத்துக்கொண்டார். காது மடலில் காற்று படுவது குளிர்ச்சியாகத் தெரிந்தது. சத்தம் எதுவும் கேட்கவில்லை.

வெகு நேரம் அப்படியே குனிந்திருந்தார். பயமாக இருந்தது. லிஃப்ட் குழிக்குள் இறங்கி முப்பது வருடம் வேலை பார்த்தவருக்கு, ஓர் அரைச்சாண் டேங்க் முன்னால் உட்கார்ந்து பயமாக இருந்தது.

"உனக்கு எவ்வளவு நாளாத் தெரியும்?" என்று கேட்டார், நிமிராமல்.

"ரெண்டு வருஷமா."

"ஏன் சொல்லல?"

"சொன்னேங்க. மைக்ரோவேவைக் கழட்டினப்ப சொன்னேன். பஸ்ஸர் நல்லாத்தான் அடிக்குது, உங்களுக்குத்தான் கேக்கலன்னு. மூணு நாள் நீங்க என்கூடப் பேசல. நாலாவது நாள் வந்து, மைக்ரோவேவ் கம்பெனி சரியில்லன்னு சொன்னீங்க." அவள் வந்து அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "ஊர்ல எல்லாரும் உங்களைக் காதுன்னு கூப்பிடறாங்க. நான் மட்டும் எப்படிங்க அது இல்லன்னு திரும்பத் திரும்பச் சொல்றது? நீங்களா ஒருநாள் கண்டுபிடிப்பீங்கன்னு இருந்தேன். தம்பியைக் கூட அனுப்பினேன். அவன் கடையிலயே சொல்லுவான்னு பாத்தேன்."

"சொன்னான். லாரின்னு சொல்லிட்டேன்."

அவள் சிரித்துவிட்டாள். பிறகு அழுதாள். பிறகு இரண்டையும் நிறுத்திவிட்டு, அவர் முழங்கால் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"அந்தக் குருவிங்க," என்றார் அவர்.

"காலையில கத்தித் தள்ளுதுங்க."

டேங்கில் இருந்த காற்றை வெளியே விட்டு, ரெகுலேட்டரின் கழுத்தை முழுக்கக் கழற்றி, திருகுப் புரியில் வெள்ளை டேப் சுற்றி, இறுக்கினார். சோப்புத் தண்ணீரைத் தடவினார். ஒரு குமிழிகூட வரவில்லை. பத்து நிமிஷம் ஆகியும் மோட்டார் ஓடவில்லை. நாலு ஞாயிறாகத் தேடிய கோளாறு ஒரு சாண் டேப்பில் தீர்ந்தது. பதினோராவது நிமிஷம் சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை அழ ஆரம்பித்தது. அழுகை அவருக்கு நன்றாகவே கேட்டது. ஸ்பானரை எடுத்து, இணைப்பை அரைச் சுற்று தளர்த்தி வைத்தார்.

"கேக்குதா?"

"இன்னும் கொஞ்சம்," என்றாள் மனைவி. "ம், போதும்."

அன்றைக்கு அவர் பஸ் பக்கம் போகவில்லை. அலமாரி முன்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் யோசித்துக்கொண்டிருந்தது ஒரு தையல்காரம்மாவைப் பற்றி. ஏழு மாடிக் கட்டடம் ஒன்றில் ஆறாவது மாடியில் இருக்கும் அம்மா அது. லிஃப்ட் நாலாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் கீச்சென்று கத்துகிறது என்று அவள் மூன்று தடவை புகார் எழுதிக் கொடுத்திருந்தாள். மூன்று தடவையும் காதுக்காரர் போனார். மோட்டார் மேல் ஸ்க்ரூடிரைவரை வைத்துக் கேட்டார், லிஃப்டில் ஏறி இறங்கினார், உள்ளே தொங்கும் சீட்டில் குறிப்பு எழுதும் இடத்தில் எழுதினார்: "பரிசோதித்தேன். சத்தம் இல்லை." கீழே கையெழுத்து. மூன்றாவது தடவை அந்த அம்மா லிஃப்ட் வாசலுக்கே வந்துவிட்டாள்.

"அப்ப எனக்குத்தான் பைத்தியமா?" என்று கேட்டாள்.

"அம்மா, இது முப்பது வருஷக் காது," என்று சொல்லிவிட்டு அவர் வந்துவிட்டார். அதற்குப் பிறகு அவள் லிஃப்டில் ஏறுவதில்லை, துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஆறு மாடியும் படியேறித்தான் போகிறாள் என்று வாட்ச்மேன் சொல்லியிருந்தார். அதைக் கேட்டபோது காதுக்காரர், பிடிவாதம் பிடித்த பொம்பளை என்று நினைத்தார். இப்போது அந்த வார்த்தையை நினைத்தாலே உடம்பு கூசியது.

திங்கட்கிழமை காலை முதல் வேலையாக அங்கே போனார். தையல்காரம்மா இரண்டாம் மாடிப் படியில் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அம்மா, என்கூட ஒருதடவை லிஃப்டுல வர்றீங்களா?"

"எதுக்கு? சத்தம் இல்லன்னு நாலாவது தடவையும் எழுதணுமா?"

"இல்லம்மா. எனக்கு அது கேக்கல. சத்தம் இருக்கு, எனக்குத்தான் கேக்கல. எங்க கேக்குதுன்னு நீங்க சொன்னா போதும், மீதியை நான் பாத்துக்கறேன்." மூட்டையை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டார். "உங்களைப் படியேற வச்சதுக்கு என்னை மன்னிச்சிருங்க."

தையல்காரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டுவதற்கு ஏழு மாதமாகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் அவளிடம் இருந்தன. இப்படி ஒரு பதிலுக்கு அவை எதுவும் பொருந்தவில்லை.

"வாங்க," என்றாள்.

லிஃப்டை மெதுவாக ஓடும் நிலைக்கு மாற்றிவிட்டு இருவரும் ஏறினார்கள். நாலாம் மாடி தாண்டியதும் அவள் விரலைத் தூக்கினாள். அவர் நிறுத்தினார். மறுபடி இறக்கி, மறுபடி ஏற்றினார். அதே இடத்தில் விரல் எழுந்தது. "மேல இல்ல. உங்க இடது கை பக்கம், சுவருக்குப் பின்னால," என்றாள். அவர் வெளியே வந்து, லிஃப்டின் கூரை மேல் ஏறி, டார்ச் அடித்துப் பார்த்தார். கூண்டைத் தண்டவாளத்தோடு பிடித்துச் செல்லும் பட்டையின் உறை ஒரு பக்கம் முழுக்கத் தேய்ந்துபோய், இரும்பும் இரும்பும் உரசிக்கொண்டிருந்தன. தண்டவாளத்தில் பளபளவென்று ஒரு கோடு விழுந்திருந்தது. லிஃப்ட் விழுந்துவிடாது. ஆனால் இன்னும் ஒரு வருடம் விட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

உறையை மாற்றினார். மறுபடி ஓட்டினார். நாலு தாண்டியது, ஐந்து வந்தது. அவர் அந்த அம்மாவின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல் எழவில்லை.

"போயிருச்சு," என்றாள் தையல்காரம்மா. பிறகு, கொஞ்சம் நிதானித்து, "காதுக்கு டாக்டரைப் பாருங்க தம்பி," என்றாள். அவளுக்கு அவரைவிட வயது குறைவாகத்தான் இருக்கும். இருந்தாலும் அவர் அதைச் சட்டை செய்யவில்லை.

ஆபீசுக்குப் போய், இந்த வருடக் காதுப் பரிசோதனையை இன்றைக்கே வைக்கச் சொல்லி மேலாளரிடம் கேட்டார்.

"உங்களுக்கு எதுக்குங்க டெஸ்ட்டு?" என்று மேலாளர் சிரித்தார். "அதான் அடுத்த மாசம் வருதே. உங்க காதை வச்சுத்தான் அந்த மிஷினையே செக் பண்ணணும்."

"இன்னைக்கே வச்சிருங்க சார்," என்றார் காதுக்காரர்.

பரிசோதனை அறையில் அதே பெண்தான் இருந்தாள். அதே கண்ணாடித் தடுப்பு, அதே நாற்காலி. ஹெட்ஃபோனை நீட்டினாள். அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா. நீ பொத்தானை அமுக்கறப்ப உன் முழங்கை தூக்குது. மூணு வருஷமா அதைப் பாத்துத்தான் நான் அமுக்கினேன்."

அந்தப் பெண் குனிந்து தன் முழங்கையைப் பார்த்தாள். இத்தனை நாள் கூடவே இருந்துகொண்டு துரோகம் செய்த ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

அவர் நாற்காலியைத் தூக்கிச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டார். பொத்தானில் விரலை வைத்தார்.

முதல் சத்தம் வந்தது. கனமான, அடிவயிற்றிலிருந்து வருகிற மாதிரியான சத்தம். அமுக்கினார். இரண்டாவது, அதைவிடக் கொஞ்சம் மெலிசு. அமுக்கினார். இந்த மாதிரிக் கனமான சத்தத்தில் எல்லாம் அவர் ராஜாதான். மோட்டார், கியர், பேரிங் எல்லாம் குடியிருப்பது இங்கேதான். மூன்றாவது வந்தது, அமுக்கினார். நாலாவது வந்ததா வரவில்லையா என்று ஒரு சந்தேகம். சந்தேகத்துக்கெல்லாம் அமுக்கக் கூடாது என்று விரலை அடக்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு கொஞ்சம் இடைவெளி விட்டார்கள். அந்தப் பெண் தாளைத் திருப்புகிறாள் போலிருக்கிறது என்று நினைத்தார். அவருக்கு அவசரம் இல்லை. எதிரே சுவரில் முன்பு எப்போதோ ஆணி அடித்துப் பிடுங்கிய ஓட்டை ஒன்று இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதுகூட எதையாவது காட்டிக்கொடுத்துவிடும் என்று தோன்ற, கண்ணையும் மூடிக்கொண்டார். அடுத்த சத்தம் எவ்வளவு மெலிசாக வந்தாலும் விடக் கூடாது. மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு, விரலைப் பொத்தானில் வைத்தபடி காத்திருந்தார்.

தோளில் யாரோ தொட்டார்கள். அந்தப் பெண் பக்கத்தில் வந்து நின்று, ஒரு பக்க ஹெட்ஃபோனைத் தூக்கினாள்.

"என்னம்மா, அடுத்ததை ஆரம்பிக்கலாமா?" என்றார்.

"முடிஞ்சிருச்சு சார்," என்றாள் அவள். "கடைசியா ஆறு சத்தம் குடுத்தேன்."

காதுக்காரர் தலையை ஆட்டினார். எழுந்து நாற்காலியை இருந்த இடத்தில் திருப்பிப் போட்டார். அவள் தாளை நீட்டினாள். கட்டம் போட்ட தாளில் கோடு ஒன்று நேராக வந்து, பாதி வழியில் சட்டென்று கீழே இறங்கியிருந்தது. கோட்டுக்குக் கீழே, ஊழியர் ஏதாவது சொல்ல விரும்பினால் எழுதுவதற்கு இரண்டு வரி இடம் விட்டிருந்தார்கள். இத்தனை வருடத்தில் அந்த இடத்தில் அவர் எதுவும் எழுதியதில்லை.

சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். தாளைச் சுவரில் வைத்து, "பரிசோதித்தேன். சத்தம் இல்லை" என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார்.